ரெண்டு தடவ சொல்லுச்சு

தம்பி, கையை உள்ள எடுத்துக்கங்க. ஆமாங்க, உங்களைத்தான் சொல்றேன். செல்போனை இப்படி ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் படம் எடுக்கறீங்க, எதுக்கால வர்ற லாரி ஒரு சாண் தள்ளி உரசிட்டுப் போனா மணிக்கட்டு மிஞ்சாது. தப்பா நெனைக்காதீங்க. பத்தொம்பது வருசமா கண்டக்டர் வேலைங்க எனக்கு. படியில நிக்காத, தலையை நீட்டாத, கையை உள்ள எடுன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. இப்ப டூட்டியில இல்லீங்க. லீவுல இருக்கறேன்னு வெச்சுக்கங்களே.

திருப்பூர்ல இருந்து வர்றனுங்க. கெட்டிசெவியூர்ல எறங்கோணும். இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா ஒண்ணு சொல்றேன். இந்தச் செல்போன் சமாச்சாரந்தான்.

எனக்கு ஒரே புள்ளைங்க. கவிநிலா. ஒம்பதாவது முடிச்சு பத்தாவது போகுது. ஆஸ்டல்ல படிக்குது. நாமக்கல் பக்கம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பாக்க விடுவாங்க, ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரமும் அது தட்டைப் பாத்துச் சோறு திங்கும், மார்க்கைச் சொல்லும், எந்திரிச்சுப் போயிரும். சின்னதுல எப்படிச் சிரிக்கும் தெரியுங்களா. பஸ்ஸுல என்ற மடியில உக்கார வெச்சு விசில் ஊதுனா போதும், முன்சீட்டுல இருக்கறவிய எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. அந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியலைங்க.

போன மே மாசம் பத்து நாள் லீவு விட்டாங்க. அவிநாசி ரோட்டுல புதுசா ஒரு தீம் பார்க் தெறந்திருக்காங்கன்னு எங்க வீட்டுல பூங்கொடி சொன்னா. என்ற சம்சாரம். சரின்னு மூணு பேரும் போனோம். தண்ணியில நனையற வெளையாட்டெல்லாம் அவளும் புள்ளையும் போனாங்க. அவளோட போனை நனைஞ்சு போயிரும்னு எங்கிட்டக் குடுத்துட்டா. அதனால என்ற கையில ரெண்டு போன் இருந்துச்சு. இதைய ஞாபகம் வெச்சுக்கங்க.

மத்தியானத்துக்கு மேல புள்ள அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர்ல ஏறோணும்னுச்சு. பூங்கொடி பயந்துக்கிட்டுக் கீழயே உக்காந்துட்டா. நானும் புள்ளையும் வரிசையில நின்னோம். அங்க போர்டு வெச்சிருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பை, தொப்பி, கண்ணாடி, செல்போன், எதையும் எடுத்துட்டு ஏறக் கூடாது, படம் எடுக்கக் கூடாதுன்னு தமிழ்லயும் போட்டிருக்காங்க, படமும் வரைஞ்சிருக்காங்க. ஆனாப் பாருங்க, போர்டுன்னா போர்டுதான். எங்க பஸ்ஸுலயும் எத்தனை போர்டு இருக்குது.

மேடையில ஒரு பொண்ணு நின்னு எல்லாரையும் ஏத்தி உட்டுக்கிட்டு இருந்துச்சு. நீலச் சட்டை, தொப்பி. இலக்கியான்னு நெஞ்சுல பேரு குத்தியிருந்துச்சு. இருவத்திரெண்டு, இருவத்திமூணு வயசு இருக்கும். தர்மபுரிப் பக்கத்துப் பொண்ணுன்னு அப்புறம் தெரிஞ்சுது. அது ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து, செல்போன் இருந்தா செவுத்தோரம் இருக்கற பெட்டியில வெச்சுப் பூட்டுங்கன்னு சொல்லுச்சு. நான் பூங்கொடி போனை எடுத்துப் பெட்டியில வெச்சேன். என்ற போனு சட்டைக்குள்ள, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவுல இருந்துச்சு.

ஏமாத்தோணும்னு இல்லீங்க. புள்ள சிரிக்கறதை எடுத்து வெச்சுக்கிட்டா வருசம் பூரா பாத்துக்கலாம்னுதான். நீங்களே சொல்லுங்க, ஒரு தகப்பன் ஆசைப்படறதுல என்ன தப்பு.

எட்டு வரிசைங்க அந்த ரயிலு. வரிசைக்கு ரெண்டு பேரு. நாங்க மூணாவது வரிசை. மடிமேல ஒரு கம்பி வந்து அமுக்கும். எங்களுக்குப் பின்னால எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிப் பொண்ணுங்க. கம்பெனியில டூர் கூட்டிட்டு வந்திருந்தாங்க. ஒரே சத்தம், ஒரே கும்மாளம். அந்தப் பொண்ணு இலக்கியா வரிசை வரிசையாக் கம்பியை இழுத்துப் பாத்துக்கிட்டு வந்துச்சு. எங்கிட்ட வந்து நின்னு சட்டையப் பாத்துச்சு.

"சார், சட்டைக்குள்ள என்ன சார் இருக்குது? போனா இருந்தா குடுத்துருங்க சார். நானே பெட்டியில வெச்சிடறேன்" அப்படின்னுச்சு.

மூக்குக்கண்ணாடிக் கூடும்மான்னு சொன்னேன்.

கூடா இருந்தாலும் குடுங்க சார்னுச்சு. நான், அதெல்லாம் விழாது, நீ போம்மான்னேன். பின்னால பொண்ணுங்க எப்ப எடுப்பீங்க எப்ப எடுப்பீங்கன்னு கத்துதுங்க. மேல கூண்டுக்குள்ள ஒருத்தர் உக்காந்து மைக்குல, சீக்கிரம் அனுப்புன்னு வெரட்டறாரு. அது ஒரு நிமிசம் நின்னுச்சு. அப்புறம் நவுந்து போயிருச்சு.

அங்கதான் தப்பு. அது நின்னு கேட்டிருக்கோணும். நான் டூட்டியில இருந்தா விட மாட்டேன். படியில ஒருத்தன் நின்னா விசில் அடிக்க மாட்டேன், வண்டி நவுறாது. எத்தனை பேரு கத்துனாலும் நவுறாது. அந்தப் பொண்ணுக்கு அந்தத் தெகிரியம் இல்லை. அதுதான் காரணம்.

வண்டி மேல ஏறுச்சு. சங்கிலியில புடிச்சு மெதுவா, கடக்கடக்குன்னு இழுத்துட்டுப் போகும். ரெக்கார்டை நான் மேடையிலயே, சட்டைக்குள்ளயே அமுக்கி வெச்சுட்டேன், மேல போயித் தடவிக்கிட்டு இருக்க வேண்டாம்னு. பாதி ஏறுனதும் வெளிய எடுத்தேன். புள்ள பாத்துட்டு, ஐயோ அப்பான்னு சிரிச்சுது தம்பி. அப்படி ஒரு சிரிப்பு. காத்துல முடி பறக்குது, வெயிலு மொகத்துல அடிக்குது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்குது. நாலஞ்சு வருசமா நான் பாக்காத சிரிப்புங்க அது.

உச்சிக்குப் பக்கத்துல போறப்ப, போதும்ப்பா, உள்ள வைங்க, அந்தக்கா வேண்டாம்னாங்கல்லன்னுச்சு. இன்னும் ஒரு நிமிசம் கண்ணுன்னேன். ரெண்டு பேரு மொகமும் தெரியோணும்னு கையை மேல தூக்கிப் புடிச்சேன்.

வண்டி எறங்குச்சு. கையில போனு இல்லை.

விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியலைங்க. அந்த வேகத்துல ஒண்ணும் புரியாது. பின்னால சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு, அது பயத்துல கத்தறதா வேற எதுவான்னு எப்படித் தெரியும்? வண்டி மேடைக்கு வந்து நின்னப்பத்தான் பாத்தேன். எங்களுக்கு மூணு வரிசை பின்னால, ஒரு பொண்ணு கையால மொகத்தைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சிருக்குது. வெரலுக்கு நடுவுல ரத்தம் வடியுது. அது கத்தலை. பக்கத்துல இருந்ததுங்க கத்துதுங்க. அது சும்மா மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்குது.

மைதிலின்னு பேரு. முப்பது வயசு. தையல்ல இருக்கற பொண்ணு, ஓவர்லாக் மெசினு. போனோட முனை சரியா வலது கண்ணுல போயி அடிச்சிருக்குது.

இலக்கியா ஓடி வந்துச்சு. யாரும் அந்தக்கா கையை இழுக்காதீங்கன்னு சொல்லிட்டு, பக்கத்துல மண்டி போட்டு உக்காந்துக்கிச்சு. அப்புறமாத்தான் கம்பியைத் தெறக்கச் சொல்லுச்சு. நர்சம்மா வந்தாங்க, ஆம்புலன்சு வந்துச்சு, கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. நானும் எறங்கி ஓடுனேன், உதவி பண்ணலாம்னு. என்ற போனு மைதிலி காலடியிலயே கெடந்திருக்குது. கவி குனிஞ்சு எடுத்து, பேசாமக் கொண்டு வந்து எங்கிட்டக் குடுத்துச்சு. ஒரு மூலையில கண்ணாடி ஒடைஞ்சிருந்துச்சு. மத்தபடி நல்லா இருந்துச்சு.

அப்புறம் ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேனேஜரு சபரிநாதன்னு ஒருத்தரு. போனு உங்களுதான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுல ஒண்ணும் பொய் சொல்லலை. எப்படி உள்ள போச்சுன்னு கேட்டாரு.

தம்பி, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கவர்மெண்டு வேலையில இருக்கறவன் மேல கேசுன்னு ஒண்ணு வந்தா ஒடனே சஸ்பெண்டு. புள்ள பத்தாவது போகுது. என்ற தலையில அதுதான் ஓடுச்சு. ஒரு போனை நானா எடுத்துப் பெட்டியில வெச்சேன், இன்னொண்ணு பையில இருந்ததை மறந்துட்டேன், அது நழுவிருச்சு, யாரும் எங்கிட்ட சோதிச்சுப் பாக்கலைன்னு சொன்னேன். எழுதிக் கேட்டாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேமரா இருக்குதுங்க அங்க. ஆனா படம் மட்டுந்தான், சத்தம் வராது. நான் பெட்டியில போனு வெக்கறது தெளிவாத் தெரியுது. அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து குனியறதும் தெரியுது. கம்பியை இழுத்துப் பாத்துச்சுன்னு சொன்னேன்.

இலக்கியா அங்கதான் நின்னுச்சு. சட்டையில கையில எல்லாம் ரத்தம் காஞ்சிருந்துச்சு.

"சார், நான் உங்ககிட்டச் சொன்னேன்ல சார்" அப்படின்னுச்சு.

"இல்லம்மா, நீ சொல்லலை" அப்படின்னேன்.

அவ்வளவுதான் பேச்சு. அது என்ற மொகத்தையே பாத்துச்சு. நான் மேனேஜரைப் பாத்துக்கிட்டேன். சோதிக்காம ஏத்துனதுன்னு சொல்லி அன்னிக்கே அதைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ஸுல கவி எங்கூட உக்காரலை. அவங்கம்மாகூடப் போயி உக்காந்துக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி நான் அந்த வீடியோவைப் பாத்தேன். அழிச்சுப் போடலாம்னுதான் எடுத்தேன். பதினோரு நிமிசம் ஓடுது. மொதல்ல இருட்டு, துணி உரசற சத்தம். அப்புறம் வெளிச்சம் வந்து புள்ள சிரிக்குது. அதுக்கு மேல ஓட விட்டுப் பாக்கலை. அதைய அழிக்கக் கை வரலை தம்பி. நெசமாலுமே வரலை. அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து வெச்சுட்டு மீதியை அழிக்கறதுக்கு வழி இருக்குதாமே, எனக்கு அது தெரியலை. யாருகிட்டப் போயிக் கேக்கறது? அப்படியே வெச்சுட்டேன். நாளைக்கு அழிக்கலாம், நாளைக்கு அழிக்கலாம்னு.

பன்னெண்டு நாள் கழிச்சு விசாரணைன்னு கூப்பிட்டாங்க. பக்கத்துல உக்காந்திருந்த புள்ளையும் வரோணும்னுட்டாங்க. ஆஸ்டல்ல லீவு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் சொல்லிக் குடுத்தேன். பொய் சொல்லச் சொல்லலைங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்லு, அது போதும், அப்பா வேலை போச்சுன்னா உம்படிப்பு என்ன ஆகும் பாருன்னேன். அது ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்துச்சு.

ரூமுல மேனேஜரு, இலக்கியா, அந்த மைதிலியோட அண்ணன். அண்ணன்காரரு சாயப்பட்டறையில வேலை செய்யறவரு, கையெல்லாம் நீலமா இருந்துச்சு. தங்கச்சிக்கு ரெண்டு ஆப்பரேசன் முடிஞ்சுது, அந்தக் கண்ணுல நெழலாட்டந்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாருன்னாரு. சத்தம் போடலை. அதைய மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

மேனேஜரு எங்கிட்ட மறுபடி கேட்டாரு. எழுதுனதையே சொன்னேன். அப்புறம் புள்ளையக் கேட்டாரு. பாப்பா, இந்த அக்கா அப்பாகிட்டப் போனைக் குடுக்கச் சொன்னாங்களா?

சொல்லிரும், ஞாபகம் இல்லைன்னு சொல்லிரும்னு நெனைக்கறேன்.

"சொன்னாங்க சார். ரெண்டு தடவ சொன்னாங்க" அப்படின்னுச்சு. "அப்பா போன்லயே இருக்குது சார். அப்பா அழிக்கலை."

அதுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? போனைக் காலடியில இருந்து எடுத்ததே அதுதானுங்களே. ஓடிக்கிட்டிருந்த ரெக்கார்டை நிறுத்துனதும் அதுதான். வீடியோவுல கடைசியா வர்றது அது மொகந்தான். பன்னெண்டு நாளும் தெரிஞ்சே இருந்திருக்குது. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலை.

எந்திரிச்சு எங்கிட்ட வந்துச்சு. என்ற சட்டைப் பையில கைய விட்டுப் போனை எடுத்துச்சு. நான் கையைப் புடிச்சிருக்கலாம். புடிக்கலை. ஏன் புடிக்கலைன்னு இன்னிக்கும் தெரியலைங்க. லாக்கு அதோட பொறந்த தேதிதான், வீட்டுல இருந்தப்பவே தெறந்து பாத்திருக்குது போல. தெறந்து மேசை மேல வெச்சுச்சு.

ஓட விட்டாங்க. இருட்டு. அந்தப் பொண்ணு குரலு, குடுத்துருங்க சார்ங்கறது. என்ற குரலு, கண்ணாடிக் கூடும்மாங்கறது. அப்புறம் புள்ள சிரிக்கறது. போதும்ப்பாங்கறது. அப்புறம் ஒரே காத்து, ஒரு அடி, மறுபடி இருட்டு. அதோட நிறுத்தியிருக்கலாம் அவிய. நிறுத்தலை. வண்டி வந்து நின்னதுக்கப்புறமும் அது பாட்டுக்கு ஓடுது. மைதிலி மூச்சு விடறது கேக்குது. இலக்கியா பஞ்சு கேக்கறது, தைரியமா இருங்கக்கான்னு சொல்லிக்கிட்டே இருக்கறது கேக்குது. அதுக்கு நடுவுல ஒரு ஆம்பளைக் குரலு. என்ற போனு எங்க விழுந்துச்சு, யாராச்சும் பாத்தீங்களாங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. இங்கதான் விழுந்திருக்கோணும், கொஞ்சம் காலை நவுத்துங்கங்குது. மூணாவது தடவ, புதுப் போனுங்க அதுங்குது.

உதவி பண்ண ஓடுனேன்னு சொன்னேன்ல உங்ககிட்ட. நான் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். சத்தியமா, நான் அப்படிக் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லீங்க.

அந்த ரூமுல யாரும் யாரையும் பாக்கலை. இலக்கியாதான், போதும் சார், நிறுத்துங்க, பாப்பா இருக்குதுல்லன்னுச்சு.

அப்புறம் என்ன. அண்ணன்காரரு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தாரு. கேசாச்சு. சஸ்பெண்டு ஆனேன். லீவுன்னு சொன்னனே, அது இதுதான். இலக்கியாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. இப்ப அங்க எல்லாரையும் தடவிப் பாத்துத்தான் ஏத்தறாங்களாம். போனைக் கையில பாத்தா வண்டியை மேலயே நிறுத்திப்போடறாங்களாம். மொதல்லயே அப்படிப் பண்ணியிருந்தா எனக்கு இந்தக் கெரகமே இல்லை. ஆனா பாருங்க, அப்படி நிறுத்தியிருந்தா நானே எறங்கி வந்து அந்தப் பொண்ணைத் திட்டியிருப்பேன். அதும் நெசந்தான்.

போன மாசம் ஆஸ்டலுக்குப் போனேன். கவி வந்துச்சு. சோறு தின்னுச்சு. அப்பா மேல கோவமா கண்ணுன்னு கேட்டேன். அந்த மைதிலி அக்காவைப் போயிப் பாத்தீங்களான்னு திருப்பிக் கேட்டுச்சு. இல்லைன்னேன். தட்டைக் கழுவ எந்திரிச்சுப் போயிருச்சு.

இன்னிக்குக் காலையில அங்கதான் போனேன். திருப்பூர்ல பாண்டியன் நகர்ப் பக்கம் ஒத்த ரூமு வீடு. ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு என்னையப் பாத்ததே இல்லீங்க. அன்னிக்குக் கண்ணைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு. கதவைத் தெறந்து யாருங்கன்னுச்சு. கெட்டிசெவியூர்ல இருந்து வர்றனுங்கன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது கதவைப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சு. நல்ல கண்ணால என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு.

"உங்க குரலு தெரியுமுங்க" அப்படின்னுச்சு. "போனு கெடைச்சுதுங்களா?"

குத்திக் காட்டுச்சா, நெசமாக் கேட்டுச்சான்னு இப்ப வரைக்கும் தெரியலை. மொகத்துல ஒண்ணும் இல்லை. கெடைச்சுது, இப்பக் கோர்ட்டுல இருக்குதுன்னேன். உள்ள வந்து உக்காருங்கன்னு தண்ணி குடுத்துச்சு. மெசினுக்குப் போறதில்லையாம், நூலு கோக்க முடியலையாம். பிசிறு வெட்டற வேலைக்கு மாத்திட்டாங்களாம். பழத்தை வாங்கி வெச்சுக்கிச்சு.

நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். மேடையில நின்ன பொண்ணு எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லுச்சுங்க, நான் கேக்கலை, பொய் சொல்லி எடுத்துட்டுப் போனேன், தப்பு என்னுதுதான்னு. வாய் கொழறுச்சு. அது முழுசாக் கேட்டுச்சு. அப்புறம் சொல்லுச்சு.

"இதை எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? எனக்குத்தான் தெரியுமே. கோர்ட்டுல சொல்லுங்க."

வர்ற பதினேழாந்தேதி கூப்பிடறாங்க. குத்தத்தை ஒத்துக்கறியான்னு கேப்பாங்களாம். வக்கீலு, இல்லைன்னு மட்டும் சொல்லு, மீதியை நான் பாத்துக்கறேங்கறாரு. வீடியோவுல குரலு இருந்தாலும் இழுத்தடிச்சு ஒடைக்கலாம், வேலை தப்பிக்கும்ங்கறாரு. ஒத்துக்கிட்டா டிபார்ட்மெண்டுல என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். பூங்கொடிகிட்டக் கேட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டா.

அந்தா டேங்க் தெரியுதுங்களா, அதுதான் எங்க ஸ்டாப்பு. எறங்கறனுங்க. காலைக் கொஞ்சம் நவுத்திக்கங்க.

முன்னப் பின்னத் தெரியாத ஆளுகிட்ட இத்தனையும் எதுக்குச் சொல்றான்னு நெனைப்பீங்க. பதினேழாந்தேதி நாலு பேரு முன்னால நின்னு சொல்லோணும். மொதல்ல உங்ககிட்டச் சொல்லிப் பாத்தனுங்க, வாய் வருதான்னு. பாத்தீங்கல்ல, ஆரம்பத்துல எங்கெங்கயோ சுத்துனேன். அங்க சுத்தக் கூடாது.